நாலும் நாலும்

ஜூன் 16, திங்கள்

இது சிமெண்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. இதுவரை இதில் எழுதியதெல்லாம் யார் வீட்டுக்கு எத்தனை நாற்காலி வாடகைக்குப் போயிற்று, எத்தனை கால் உடைந்து வந்தது என்பதுதான். இன்றைக்கு நாற்காலி அல்லாத விஷயம் எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன் போல இருக்கிறது. அடிப்பதற்கு உண்டான உடம்பும் எனக்கு இல்லை.

காலையில் மூலனூர் கல்யாணத்திலிருந்து பாத்திரங்கள் திரும்பி வந்தன. கழுவித்தான் அனுப்புகிறோம் என்று போனில் சத்தியம் செய்தார்கள். பெரிய அண்டாவைத் திறந்தால் அடியில் பாயசம் தோல் கட்டிக் கிடக்கிறது. கரண்டியால் சுரண்டினால் பாயசத்தோடு ஒரு பல்செட் வருகிறது. மேல்வரிசை. யாருடையது என்று கேட்டு இதுவரை யாரும் போன் செய்யவில்லை. சீ, என்ன பிழைப்பு இது என்று உட்கார்ந்திருந்தபோதுதான் மகள் வர்ஷினி கடைக்கு வந்தாள்.

"அப்பா, கம்ப்யூட்டர்ல மெமரி பத்தல. புதுசு வாங்கோணும்."

வர்ஷினி சிவில் இன்ஜினியரிங் முடித்தவள். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் படம் போடுவாள். ஜன்னல் திரைச்சீலை ஆடும், வெயில் தரையில் விழும், உள்ளே நடந்து போய்ப் பார்க்கலாம். கொச்சியில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர்கள் அவளுக்குப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டை அப்படிச் செய்து ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். நன்றாக இருந்தால் வேலை. இல்லாவிட்டால் என் மச்சினன் ஜெகநாதனிடம் ஒரு மாப்பிள்ளை ஜாதகம் இருக்கிறது.

இப்போது அவள் உபயோகிப்பது கடையில் பில் போட வாங்கின பழைய பெட்டி. அதன் விசைப்பலகையில் என் வெற்றிலைக் கறை இருக்கிறது.

லேப்டாப் வேண்டாம், டெஸ்க்டாப் வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். கண்ணுக்கு நல்லது, முதுகுக்கு நல்லது, விலையும் குறைவு. மூன்று காரணங்களும் சரியானவை. வர்ஷினி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்கப்பா. ஆனா முப்பத்திரண்டு ஜிபி மெமரி வேணும்" என்றாள்.

பார்க்கலாம் என்றேன். நான் பத்தாவது வரை படித்தவன். முப்பத்திரண்டு ஜிபி என்றால் எவ்வளவு பெரிசு என்று கேட்க வெட்கமாக இருந்தது.

ஜூன் 18, புதன்

தாராபுரத்தில் கம்ப்யூட்டருக்கு எத்தனை ஜிபி வேண்டும் என்று தெரியாதவன் நான் ஒருவன்தான் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முடி வெட்டுகிறவர் எட்டு என்றார். மின்சார ஆபீஸில் ரசீது கொடுக்கிறவர் பதினாறு என்றார். எனக்குப் பந்தல் துணி தைப்பவர், "மெமரியெல்லாம் சும்மாங்க. வைரஸ் வராம இருந்தாப் போதும்" என்றார். டீக்கடையில் ஒருத்தர் வடையைத் தின்றுகொண்டே, "யாருக்குங்க, பொண்ணுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நாலு போதும்" என்றார். வாயிலிருந்து ஒரு கடலைப்பருப்பு என் சட்டைமேல் விழுந்தது. அதைத் தட்டிவிட்டுவிட்டு அவருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். இதுதான் நான்.

ஜூன் 20, வெள்ளி

ஜெகநாதனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரியின் தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனி மேனேஜர். போன வருஷம் அவன் மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினான், அதனால் விஷயம் தெரியும் என்று கூட்டிப் போனேன். அவனுக்கு விஷயம் தெரியும். அதுதான் வினை.

கடைக்காரர் நல்ல மாதிரி. உள்ளே ஏசி போட்டுவிட்டு ஊதுபத்தியும் கொளுத்தி வைத்திருக்கிறார். இரண்டும் சேர்ந்து ஒரு வாடை.

"என்ன வேலைக்குங்க?" என்றார்.

"வீடு கட்டற படம்" என்றேன்.

"அப்ப மெமரி ஜாஸ்தி வெச்சுக்கறது நல்லதுங்க. எத்தன வருசம் ஓடோணும்னு நெனைக்கறீங்க?"

நான் யோசிக்கிறதற்குள் ஜெகநாதன் பதில் சொல்லிவிட்டான். "ரெண்டு வருசம் ஓடுனாப் போதும். அதுக்கப்புறம் பொண்ணு நம்மகூடவா இருக்கப் போகுது? எட்டு ஜிபி போடுங்க."

"உங்க பையனுக்கு எத்தன போட்டு வாங்கிட்டுப் போனீங்க?" என்று கடைக்காரர் அவனைக் கேட்டார்.

"அது முப்பத்திரண்டு. அவன் கேம் வெளையாடறானுங்களே."

எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்து டீ வந்தது. குடித்தேன்.

ஜூன் 21, சனி

எட்டு ஜிபி என்று சொன்னதும் செல்வநாயகி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். அவள் என் மனைவி. அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"ஏனுங்க, புத்தி இருக்குதா? அம்மிணிக்கு அஷ்டமத்துல சனி நடக்குது. எட்டுல போயி வாங்குவீங்களா?"

"அப்ப பதினாறு வாங்கிக்கறேன்."

"பதினாறா! காரியம் பண்றதுக்கா வாங்கறீங்க?"

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரில் யார் வீடாக இருந்தாலும் பந்தலும் நாற்காலியும் நம் கடையிலிருந்துதான் போகிறது. அந்தப் பதினாறில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். முப்பத்திரண்டு என்று வர்ஷினி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அது யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது.

ஜூன் 23, திங்கள்

ஜெகநாதன்தான் வழி கண்டுபிடித்தான். போனிலேயே தீர்ப்புச் சொன்னான்.

"மச்சா, எட்டா ஒரே துண்டு போட்டாத்தான அது எட்டு? நாலு நாலா ரெண்டு துண்டு போடச் சொல்லுங்க. நாலு நல்ல நம்பர். ரெண்டும் ஜோடியாச்சு. அக்காகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."

கம்ப்யூட்டருக்குள்ளே மெமரி என்பது சீப்பு மாதிரி ஒரு பச்சைத் தகடு. அதைச் செருகுவதற்கு உள்ளே இரண்டு பள்ளம். கடைக்குப் போனபோது கடைக்காரர் ஒரு பள்ளத்தில் எட்டைச் செருகி எடுத்துக் காட்டினார். "இப்படிப் போட்டா இன்னொண்ணு காலியா இருக்குமுங்க. பின்னாடி வேணும்னா அதுல போட்டுக்கலாம்" என்றார். நான், "இல்லீங்க, நாலும் நாலும்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "யாருக்காச்சும் சனி நடக்குதுங்களா?" என்றார். இந்த ஊரில் கம்ப்யூட்டர் விற்கிறவருக்கு ஜோசியமும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

செல்வநாயகி ஒத்துக்கொண்டாள். செலவும் குறைந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். வர்ஷினி மட்டும் பில்லை வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

"பத்தலீன்னா சேத்திக்கலாம் கண்ணு" என்றேன்.

"எங்கப்பா சேத்தறது?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி சிரித்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

பூஜை. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. மேலே ஒரு எலுமிச்சம்பழம். ஸ்விட்சைப் போட்டதும் முன்னால் இருக்கிற காற்றாடி குங்குமத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பின்னால் என் வேட்டிமேல் துப்பியது. செல்வநாயகி நல்ல சகுனம் என்கிறாள். வேட்டி போயிற்று.

படம் ஓட்டுவதற்கு ஒரு தனிக் கார்டு வேண்டுமாம். அதை வர்ஷினியின் தோழி பழையது ஒன்று கொடுத்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் நான் ஜெகநாதனிடம்தான் கேட்டிருப்பேன்.

ஜூன் 29, ஞாயிறு

வீடு நிற்கிறது. சுவர், படிக்கட்டு, மாடி எல்லாம் ஆயிற்று. வாசலில் ஒரு மரம் வைத்தவுடன் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்கிறது. மரத்தை எடுத்தால் எழுந்துகொள்கிறது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மனிதனை மாதிரியே இருக்கிறது.

"மரமில்லாமக் குடுக்கக் கூடாதா சாமி?" என்றேன்.

"அவங்க கேட்டிருக்கறது தோட்டத்தோட வீடுங்கப்பா."

மறுபடியும் வைத்தாள். மறுபடியும் படுத்தது. அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. எழுந்து போய்த் துணி மடித்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

கம்ப்யூட்டர் கடைக்குப் போய் இன்னொரு எட்டு சேர்க்கச் சொன்னேன். சனியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

"எங்கீங்க சேத்தறது? ரெண்டு பள்ளத்துலயும் நாலு நாலு ஒக்காந்திருக்குதே" என்றார் கடைக்காரர்.

அன்றைக்கு வர்ஷினி கேட்டது இதுதான். எட்டு நாள் கழித்து எனக்குப் புரிந்தது. பாருங்கள், இங்கேயும் எட்டு.

இரண்டையும் கழற்றிப் போட்டால்தான் வேறு போட முடியும். கழற்றினதை அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு யோசிப்பது ஒரு தொழில் மாதிரி ஆகிவிட்டது. வருமானம்தான் இல்லை.

ஜூலை 3, வியாழன்

மத்தியானம் சாப்பிடும்போது வர்ஷினி கேட்டாள். "அப்பா, நம்ம பைபாஸ் மண்டபத்துல ஒரே பந்தியில எத்தன எல போடலாம்?"

"எரநூறு."

"ஐநூறு பேரு வந்தா?"

"மூணு பந்தி. எடம் கெடைக்காதவங்க சாப்படறவங்க பின்னால சேரைப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அவன் ரசத்துல இருக்கறப்பவே இவன் எந்திரின்னு மொறைப்பான்."

"அதேதாங்கப்பா. மெமரிங்கறது பந்தி. எல போடற எடம். மத்ததெல்லாம் ஸ்டோர் ரூம். ஸ்டோர் ரூமுல அரிசி மூட்ட எத்தன இருந்து என்ன, எல போட எடமில்லீன்னா? என்ற வீட்டுக்கு மரம், தெர, வெயிலு, தண்ணித்தொட்டி எல்லாம் ஒரே பந்தியில ஒக்காரோணும். ஒண்ண எழுப்பிப்போட்டு இன்னொண்ண ஒக்கார வெக்க முடியாது."

சாம்பார் ஊற்றிக்கொள்ள மறந்துவிட்டேன். இந்த ஊரில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும், ஒரு பந்திக்கு எத்தனை இலை என்று என்னைக் கேட்டுத்தான் மண்டபம் பிடிக்கிறார்கள். ஆள் பெயரைச் சொன்னால் போதும், சொந்தம் எவ்வளவு, பகை எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். வந்தவர்கள் நிற்கக் கூடாது என்பதுதான் என் தொழிலுக்கே மரியாதை. என் மகளுக்கு மட்டும் எட்டு இலை போட்டு, அதையும் நாலு நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 5, சனி

"லேப்டாப் வேண்டாம்னு ஏனுங்கப்பா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"கண்ணுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தூக்கிட்டுப் போறமாதிரி இருந்தா, தூக்கிட்டுப் போயிருவேன்னுதானுங்களே?"

கரண்ட் போய்விட்டது. நான் போய் ஃபியூஸ் பார்த்தேன். ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. தெருவுக்கே இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் ஃபியூஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஜெகநாதன் வந்தான். காங்கயத்திலிருந்து அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். அதைவிட்டால் ஆடி பிறந்துவிடும், ஒரு மாதம் எதுவும் பேச முடியாது.

"அடுத்த ஞாயிறு வர்ஷினிக்கு வேலை இருக்குதே" என்றேன்.

"என்ன வேல? கம்ப்யூட்டர் வேலதான? மச்சா, நான் அவங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். பொண்ணு சீரோட கம்ப்யூட்டரும் வருது, புத்தம் புதுசுன்னு. பையனுக்கு ரொம்பச் சந்தோசம். எத்தன ஜிபின்னு கேட்டான். எட்டுன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் மொகம் சுருங்கிப்போச்சு. நீங்க பதினாறாச்சும் பண்ணி வையுங்க."

நான் அவனையே பார்த்தேன். என் மகள் கேட்டபோது எட்டு போதும் என்று சொன்ன அதே வாய். பல்லிடுக்கில் அவன் சாப்பிட்ட கீரை ஒட்டியிருந்தது. அருவருப்பாக இருந்தது. கீரையாலா என்று கேட்டால் இல்லை.

பிறகு யோசித்தேன். எட்டு என்று அவன் சொன்னான். வாங்கினது யார்?

ஜூலை 8, செவ்வாய்

நாற்காலி: 300. கால் உடைந்தது: 4. ஒரு நாற்காலியில் யாரோ சுவிங்கம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நான் அதில்தான் உட்கார்ந்தேன்.

ஜூலை 9, புதன்

காலையில் தனியாகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். ஜெகநாதனுக்குச் சொல்லவில்லை. செல்வநாயகிக்கும் சொல்லவில்லை. எண்ணெய்ச் செக்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எண்ணெய் வாங்குகிற தூக்குப்போசியோடு போனேன்.

"அந்த ரெண்டையும் கழட்டிப்போட்டு முப்பத்திரண்டு போடுங்க."

"பதினாறும் பதினாறுமா போடறேனுங்க" என்றார் கடைக்காரர்.

"அத வெளிய சொல்லாதீங்க. மொத்தம் முப்பத்திரண்டுன்னே இருக்கட்டும்."

"எத்தன வருசம் ஓடோணும்னு நெனைக்கறீங்க?" என்று மறுபடியும் கேட்டார். பழக்கமாகக் கேட்கிறார், பாவம்.

"அது ஓடறவரைக்கும்" என்றேன். பெரிதாக எதையோ சொல்லிவிட்ட மாதிரி தெம்பாக வெளியே வந்தேன். வந்த பிறகுதான் தூக்குப்போசியைக் கடையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. அதை எடுக்கத் திரும்பப் போனபோது அந்தத் தெம்பு போய்விட்டது.

கழற்றின இரண்டு நாலையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். செக்குக்குப் போகவே இல்லை. செல்வநாயகி எண்ணெய் எங்கே என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணினாள். "மூணும் ரெண்டும் அஞ்சு. அஞ்சு நல்லதுதான். இத மொதல்லயே வாங்கித் தொலைக்கறதுக்கென்ன?" என்றாள்.

என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

மரம் நிற்கிறது. வேப்பமரம். பக்கத்தில் இன்னொரு மரமும் வைத்தாள். அதுவும் நிற்கிறது. திரை ஆடுகிறது. வர்ஷினி எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை அளவாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். கையெழுத்து எப்படியோ இருக்கிறது. எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

வீட்டுக்குள் நடந்து போகிற படத்தைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு காட்சியாகச் செய்து கடைசியில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதற்குப் பெயர் ரெண்டர். காலையில் ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் ஐந்துக்குமேல் முடியும், நடுவில் யாரும் தொடக் கூடாது, தொட்டால் முதலிலிருந்து வர வேண்டும், நேரமில்லை என்று சொன்னாள். என்னிடம் மூன்று தரம் சொன்னாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

காங்கயத்துக்காரர்கள் மூன்று மணிக்கு வந்தார்கள். ராகுகாலத்துக்கு முன்னாலே எழுந்து போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. பையனின் அப்பா, அம்மா, பையன், கூட ஒரு பெரியப்பா. ஜெகநாதன் அவர்களுக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டான். பட்டுப்புடவையில் வர்ஷினி வந்து காபி கொடுத்தாள். கண் பாதி தட்டில், பாதி உள்ளறைக் கதவில்.

பையனின் அப்பா பஜ்ஜியில் மாவை மட்டும் தின்றுவிட்டு வாழைக்காயைத் தட்டோரம் வைத்தார். ஏழெட்டு வாழைக்காய்த் துண்டுகள், எச்சிலோடு, வரிசையாக. தொழில்முறையில் நான் எச்சில் தட்டு பார்க்காத நாள் கிடையாது. இது மாதிரி பார்த்ததில்லை.

"கம்ப்யூட்டர் வாங்கியிருக்கறதாச் சொன்னாருங்க. எத்தன ஜிபிங்க?" என்றார். பெண் என்ன படித்திருக்கிறாள் என்று இன்னும் கேட்கவில்லை.

"முப்பத்திரண்டுங்க" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். முட்டாள்.

ஜெகநாதன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதுவரை அவன் பேசவே இல்லை. "முப்பத்திரண்டா? நல்லா கேம் ஓடுமே! பாக்கலாமுங்களா?"

"போயிப் பாரு தம்பி. நாளைக்கு நம்ம வூட்டுக்கு வர்றதுதான" என்றார் அவன் அப்பா.

எழுந்து உள்ளே போய்விட்டான். வர்ஷினி பின்னாலேயே போனாள். நானும் போனேன்.

"ஓடிட்டிருக்குதுங்க. தொடாதீங்க" என்றாள் வர்ஷினி.

"ரீஸ்டார்ட் பண்ணுனாத்தாங்க ஸ்பீடு தெரியும். ஒரே நிமிசம்" என்று சிரித்துக்கொண்டே அவன் பெட்டியின் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

அவன் மணிக்கட்டை நான் பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்று தெரியாது. பஜ்ஜி எண்ணெய் வழுவழுவென்றிருந்தது. இருந்தும் வழுக்கவில்லை.

"கையெடுங்க தம்பி."

"மச்சா! என்ன பண்றீங்க?" என்று ஜெகநாதன் ஓடிவந்தான். பின்னாலேயே பையனின் அப்பா, வாயில் பஜ்ஜியோடு.

"பையன் கையப் புடிக்கறீங்களே? சீரோட வர்ற பொருளு, அவன் தொட்டுப் பாக்கக் கூடாதுங்களா?"

"இது சீரில்லீங்க. இது என்ற பொண்ணோட தொழில் சாமான்."

"சரி, தொழில் சாமானாவே இருக்கட்டும். கல்யாணம் ஆனா எங்க வூட்டுக்குத்தான போகுது?"

"இல்லீங்க. கொச்சிக்குப் போகுது."

என் வாயிலிருந்துதான் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொச்சிக்காரர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதே இன்னும் முடியவில்லை. வீட்டில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. முக்கியமாக, நான் பேசினதில்லை.

வர்ஷினி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகு மட்டும் தெரிந்தது.

"பொண்ண வேலைக்கு அனுப்பற வூடுன்னு நீ சொல்லவேயில்லியே" என்று பையனின் அப்பா ஜெகநாதனைக் கேட்டார். அந்த நேரத்தில் செல்வநாயகி கூடத்துக்கு வந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"மணி நாலேகால் ஆச்சுங்க. ராகுகாலம் வரப்போகுது" என்றாள்.

கிளம்பிவிட்டார்கள். கார் சத்தம் போன பிறகு வர்ஷினியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. தட்டோரத்து வாழைக்காயை எல்லாம் நானே எடுத்துக் குப்பையில் போட்டேன். கையை மூன்று தரம் கழுவினேன்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் படம் கொச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கும் போட்டுக் காட்டினாள். வேப்பமர நிழலில் வாசல், உள்ளே நீளமான கூடம், ஜன்னலில் வெயில். நல்ல வீடு. கூடத்தில் கொஞ்சம் நாற்காலி போட்டிருக்கலாம் என்றேன். "போட்டிருக்கறேன், பாருங்க" என்றாள். ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின சிவப்பு நாற்காலிகள். நம் கடையில் இருப்பது மாதிரியே. எல்லாவற்றுக்கும் நாலு காலும் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. ஜெகநாதன் பேசுவதில்லை. நிம்மதி.

ஜூலை 22, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. ஆவணியில் சேர வேண்டும். சின்னக் கம்பெனி என்பதால் ஆறு மாதம் வரைக்கும் சொந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து அதில்தான் வேலை செய்ய வேண்டுமாம். ஆபீஸுக்குப் பின்னாலேயே விடுதி.

"டெஸ்க்டாப்ப எப்படிங்கப்பா அவ்வளவு தூரம்?" என்றாள் வர்ஷினி. சாதாரணமாகத்தான் கேட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. வாய் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்றாம் தேதி. கல்யாணங்கள் ஆரம்பமாகிவிட்டன. பாத்திரம் அனுப்ப ஆள் வேண்டும் என்று செல்வநாயகி கொச்சிக்கு வராமல் கடையில் இருந்துவிட்டாள். வாசலில் நின்று அழுதாள். பிறகு பெரிய அண்டாவின் மூடியை ஒரு தட்டுத் தட்டி, "இத மட்டும் பத்திரமாத் திருப்பிக் கொண்டு வாங்க" என்றாள்.

ஆமாம், பல்செட் வந்த அதே அண்டாதான். சோடா உப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன். அதற்குள் வைக்கோல் போட்டு, பெட்டியைப் போர்வையில் சுற்றி இறக்கி, மேலே தலையணை வைத்து, மூடியைக் கயிற்றால் கட்டினேன். பாலக்காட்டு ரோட்டில் எத்தனை குழி இருந்தாலும் அண்டாவில் வைத்த சாமான் அசையாது. இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த இன்ஜினியரிங்.

நம் லோடு வண்டியிலேயே போனோம். விடுதி மூன்றாவது மாடி. லிஃப்ட்டில் 'ரிப்பேர்' என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஆம்பளைகள் மேலே வரக் கூடாது என்றார் வார்டன் அம்மா. அண்டாவைப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, சாமானை வைத்துவிட்டு உடனே இறங்கிவிட வேண்டும் என்று விட்டுவிட்டார்.

"ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போலாங்கப்பா" என்றாள் வர்ஷினி.

வேண்டாம் என்று அண்டாவோடு தோளில் ஏற்றினேன். தூக்கிக்கொண்டு போக முடியாது என்றுதானே இதை வாங்கினேன். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. மேலே இருந்து இறங்கின பெண்கள் இரண்டு பேர் ஒதுங்கி நின்று, பிரியாணியா என்று கேட்டார்கள். "முப்பத்திரண்டு ஜிபி" என்றேன். சிரித்துவிட்டார்கள். வர்ஷினியும் சிரித்தாள். நான் சிரித்திருந்தால் கீழே விழுந்திருப்பேன்.

அறையில் மேசைமேல் வைத்து, வயர்களை மாட்டி, ஸ்விட்சைப் போட்டாள். எரிந்தது. காற்றாடியில் இன்னும் கொஞ்சம் குங்குமம் மிச்சமிருந்து சுவரில் தெளித்தது. துடைக்கப் போனேன். "இருக்கட்டுங்கப்பா" என்றாள்.

இறங்கும்போது கதவைப் பார்த்தேன். அப்போதுதான் அதில் எழுதியிருந்த நம்பர் கண்ணில் பட்டது. நல்லவேளை, செல்வநாயகி வரவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் அண்டாவோடு வந்து சேர்ந்தேன். செல்வநாயகி முதலில் அண்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நசுங்கியிருக்கிறதா என்று. பிறகு என்னைப் பார்த்தாள். நான்தான் நசுங்கியிருந்தேன். தைலம் கொண்டு வந்து தோளில் தேய்த்துக்கொண்டே கேள்வியாகக் கேட்டாள். சாப்பாடு எப்படி, தண்ணீர் வருதா, கூட இருக்கிற பெண் யார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"ரூம் நம்பர் என்னங்க?"

கம்ப்யூட்டர் கடைக்காரர் கொடுத்த கவர், சட்டைக்குச் சட்டை மாறி, இன்னும் பையில் இருந்தது. எடுத்து இரண்டு தகடுகளையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"நாலும் நாலும்" என்றேன்.